மூன்று டப்பா மாத்திரையும் ஒரு நேர்முகத் தேர்வும்

வீட்டில் படித்தவன் ஒரே ஒருவன்தான் என்றால், அவனுக்கு வேலை வருவதற்கு முன்பே ஒரு வியாதி வந்துவிடும். எல்லாம் எனக்குத் தெரியும் என்கிற வியாதி. அதற்கு மருந்தகத்தில் மருந்து கிடையாது. உறுதியாகச் சொல்கிறேன், நான் மருந்தகத்தில்தான் வேலை பார்க்கிறேன். (அந்த வேலை கிடைத்த கதையைத்தான் சொல்லப் போகிறேன். எங்கள் வீட்டில் யாரைக் கேட்டாலும் இதைவிட ருசியாகச் சொல்வார்கள். அதனால்தான் நான் முந்திக்கொள்கிறேன்.)

அப்பா லாரி ஓட்டுகிறார். அம்மா தேக்காவில் ஒரு மீன்கறிச் சோற்றுக் கடையில் சமையல். இரண்டு பேருமே கல்யாணத்துக்குப் பிறகு தமிழ்நாட்டிலிருந்து இங்கே, சிங்கப்பூருக்கு, வந்தவர்கள். அம்மா இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். அப்பா பள்ளிக்கூடத்தைக் கும்பிடக்கூட அந்தப் பக்கம் போகவில்லை. ஆகவே உட்லண்ட்ஸில் எங்கள் வீட்டுக்கு ஆங்கிலத்தில் வரும் எதுவும் நேராக என் கைக்குத்தான் வரும். வீடமைப்புக் கழகத்து (வீவக) கடிதமா, செந்திலைக் கூப்பிடு. மருந்துப் பாக்கெட்டா, செந்திலைக் கூப்பிடு. பத்து வயதிலிருந்தே நான் லேபிள் படித்து வளர்ந்தவன். பிறகு பலதுறைத் தொழிற்கல்லூரியில் மருந்தியல் பட்டயம் வேறு வாங்கிவிட்டேன். தலைக்கனத்துக்குக் கேட்கவா வேண்டும்!

அம்மாவுக்கு வயிற்றில் புண். ஊருக்கெல்லாம் வேளாவேளைக்குச் சோறு போட்டுவிட்டு, தான் சாப்பிட உட்காரும்போது மணி மூன்றரை ஆகிவிடும். பிறகு வயிறு சும்மா இருக்குமா? புண் ஆறுவதற்கு ஒரு மாத்திரை. வயிறு முறுக்கிப் பிடிக்கும்போது மட்டும் போட்டுக்கொள்ள இன்னொன்று. இந்த இரண்டாவது மாத்திரை மீது எனக்குக் கல்லூரி நாளிலிருந்தே ஒரு மரியாதை உண்டு. குடல் தசைக்கு ‘சுருங்கு, சுருங்கு’ என்று நரம்பு அனுப்பும் செய்தியை வழியிலேயே மடக்கிப் பிடித்துக்கொள்ளும். முறுக்கு நின்றுவிடும். அருமையான வேலை. ஒரே ஒரு சிக்கல், அதே செய்திதான் எச்சிலுக்கும் போகிறது, கண்ணுக்கும் போகிறது, சிறுநீர்ப்பைக்கும் போகிறது. அளவு கூடினால் எல்லா வீட்டுத் தபாலும் நின்றுவிடும். இதையெல்லாம் பரீட்சையில் கட்டம் போட்டு, கலர் பேனாவில் எழுதி, நல்ல மதிப்பெண் வாங்கியவன் நான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அம்மா மாத்திரைகளை வைத்திருக்கும் முறையே தனி. கடையில் மிளகாய்ச் சம்பல் கட்டிக் கொடுக்கும் சின்ன பிளாஸ்டிக் டப்பாக்கள் மூன்று. பச்சை மூடி வயிற்று முறுக்குக்கு. சிவப்பு மூடி சளி, மூக்கொழுகலுக்கு. நீல மூடி பஸ் பயணத்தில் வாந்தி வராமல் இருக்க (மலாக்காவில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போகும்போது தேவைப்படும்). எந்த டப்பாவிலும் எழுத்து கிடையாது. நான் பெரிய மனது பண்ணி, கம்ப்யூட்டரில் லேபிள் அடித்து ஒட்டிக் கொடுத்தேன். அம்மா அதன்மேலேயே கைதுடைத்து, ஒரே வாரத்தில் அழித்துவிட்டார்.

அம்மாவிடம் ஒரு சட்டமும் இருந்தது. “ஒரு நாளைக்கு ஒரு டப்பாதான் திறக்கணும்.”

“ஏம்மா?”

“ரெண்டைத் திறந்தா ஆகாது.”

“இது என்ன மாத்திரைக்கு ராகுகாலமா?” என்று சிரித்தேன். அம்மா வெங்காயத்தைக் கொஞ்சம் வேகமாக நறுக்கினார்.

படித்து முடித்து ஏழு மாதம் வேலையில்லாமல் இருந்தேன். இரண்டு இடங்களில் நேர்முகத் தேர்வுக்குப் போய், இரண்டிலும் ‘பிறகு தெரிவிக்கிறோம்’ என்று அனுப்பிவிட்டார்கள். அப்பாவின் லாரி நண்பர்கள், “மகன் எங்க வேலை பாக்குறாப்ல?” என்று கேட்கும்போதெல்லாம் அப்பாவுக்கு உடனே டயரில் காற்று பார்க்கவேண்டிய அவசரம் வந்துவிடும். இந்தச் சமயத்தில்தான் பூன் லே பக்கத்தில் ஒரு மருந்தகத்தில் (பெயர் வேண்டாம், பாவம், அவர்கள் என்ன செய்வார்கள்) பயிற்சி உதவியாளர் வேலைக்கு அழைப்பு வந்தது. ஒரே இடம். இதுவும் போனால் அப்பா எத்தனை டயருக்குத்தான் காற்று பார்ப்பார்?

அன்று காலை பதினொரு மணிக்குத் தேர்வு. என்னை வாசலில் நின்று வழியனுப்ப வேண்டும் என்பதற்காகவே அம்மா கடைக்குத் தாமதமாக வருவதாகச் சொல்லியிருந்தார். ஏழு மணிக்கு எனக்கு வயிறு முறுக்க ஆரம்பித்தது. பயம்தான், வேறொன்றுமில்லை. பச்சை மூடியைத் திறந்து இரண்டு போட்டேன். முக்கால் மணி நேரம் பொறுத்துப் பார்த்தேன். நிற்கவில்லை. இன்னும் இரண்டு போட்டேன். எத்தனை மணி நேர இடைவெளி வேண்டும் என்று மாத்திரை வந்த அட்டையில் எழுதியிருந்தது. (பட்டயம் வாங்கியவன் அட்டையைப் படிக்கலாமா? கேவலம் இல்லையா?)

எட்டு மணிக்கு மூக்கு ஒழுக ஆரம்பித்தது. தேர்வாளர்கள் முன்னால் உறிஞ்சிக்கொண்டே உட்கார முடியுமா? சிவப்பு மூடியைத் திறந்தேன்.

“டேய் தம்பி, பச்சையைத் திறந்துட்டு சிவப்பைத் திறக்காத.”

“அம்மா, நான் இதுலதாம்மா டிப்ளோமா.”

கிளம்பும்போது, உட்லண்ட்ஸிலிருந்து பூன் லே வரை பஸ்ஸில் ஒரு மணி நேரம், ஏற்கனவே வயிறு சரியில்லை, வாந்தி வந்தால் சட்டை என்ன ஆவது என்று நினைத்து, நீல மூடியையும் திறந்துவிட்டேன். அம்மா விபூதித் தட்டோடு பார்த்துக்கொண்டே நின்றார். வழக்கமாக ஒரு கோடு இழுப்பவர் அன்று நெற்றி முழுக்கப் பட்டையடித்து அனுப்பினார். ஏதோ தெரிந்திருக்கிறது.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தது ஞாபகம் இருக்கிறது. பிறகு நினைவு வரும்போது என் தலை ஒரு சீனத் தாத்தாவின் தோளில் இருந்தது. அவர் இறங்கவேண்டிய நிறுத்தத்தையும் விட்டுவிட்டு, எனக்காக அசையாமல் உட்கார்ந்திருந்தாராம், எதிரில் இருந்தவர் சொன்னார். தாத்தா “டயர்டா, பாய்?” என்று மட்டும் கேட்டார் (பாய் என்றால் இங்கே பையன்). நன்றி சொல்ல வாயைத் திறந்தேன். உள்ளே நாக்கு, பழைய வீட்டுக் கதவு மாதிரி, நகர மாட்டேன் என்றது.

வழியில் ஒரு போத்தல் தண்ணீர் வாங்கி முழுவதையும் குடித்தேன். மருந்தகத்துக்கு வந்து இன்னொரு போத்தல். குடித்ததெல்லாம் எங்கே போகும்? கழிவறைக்குப் போனேன். நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன். பக்கத்தில் இரண்டு பேர் வந்து, வேலையை முடித்து, கை கழுவி, முடி வாரிக்கொண்டு போய்விட்டார்கள். எனக்கு ஒன்றும் நடக்கவில்லை. ‘சரி, பயம்’ என்று முடிவு செய்தேன். அன்று காலையிலிருந்து என் உடம்பில் நடந்த எல்லாவற்றுக்கும் நான் கண்டுபிடித்த காரணம் அது ஒன்றுதான்.

தேர்வறையில் இரண்டு பேர். தலைமை மருந்தாளர் மேடம் டான், நரைத்த கிராப்பு, கண்ணாடிக்கு மேலே எட்டிப் பார்க்கிற கண்கள். அவருக்குப் பக்கத்தில் கலைச்செல்வி, முப்பது வயதிருக்கும், மருந்தாளர். அவரைப் பார்த்ததும் எனக்கு ஒரு தெம்பு. நம்ம ஆளு.

“உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்,” என்றார் மேடம் டான், ஆங்கிலத்தில்.

“மை நேம்... ஷெ... ஷெந்...” என்றேன். என் பெயரே எனக்கு வரவில்லை. உதடு பல்லில் ஒட்டிக்கொண்டு திரும்பி வர மறுத்தது. பார்ப்பவர்களுக்கு நான் அவர்களைப் பார்த்து இளிப்பதுபோல் இருந்திருக்கும். மேசையில் ஒரு ஜாடி தண்ணீர் இருந்தது. மூன்று பேருக்கும் வைத்தது. நான் ஒருவனே காலி செய்தேன்.

அடுத்து ஒரு மருந்துச் சீட்டை நீட்டினார்கள். எழுத்துகளெல்லாம் கொசு மாதிரி பறந்தன. கையை முழுக்க நீட்டிப் பார்த்தேன். இன்னும் நீட்டினேன். அதற்குமேல் கை இல்லை. இருபத்துமூன்று வயதுக்காரன், பேப்பர் படிக்கும் காப்பிக்கடைக் கிழவர் மாதிரி சீட்டைத் தூரத்தில் பிடித்துக்கொண்டு கண்ணைச் சுருக்கி விரித்ததை அவர்கள் பொறுமையாகப் பார்த்தார்கள்.

கடைசியில் மேடம் டானே படித்துச் சொன்னார். “வயிற்றுப் பிடிப்புக்கான மாத்திரை. வந்திருப்பவர் ஓர் அம்மா. ஆங்கிலம் படிக்கத் தெரியாது. ஏற்கனவே வீட்டில் சளிக்கு மாத்திரை போடுகிறார். அவருக்கு நீங்கள் என்ன சொல்வீர்கள்?”

என் மாத்திரை! என் பாடம்! என் கட்டம்! உற்சாகத்தில் எழுந்தே நின்றுவிட்டேன்.

“வாய்...” என்று ஆரம்பித்தேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. பிய்த்தெடுத்தேன். “வாய் உலரும். கண்...” சீட்டை முகத்துக்கு முன்னால் முன்னும் பின்னும் ஆட்டினேன். “கண் மங்கும். இதயம்...” நெஞ்சில் கை வைத்தேன். உள்ளே தைப்பூச உறுமி.

மேடம் டான் முகம் மலர்ந்துவிட்டது. கலைச்செல்வி பக்கம் சாய்ந்து, “நடிச்சே காட்டுறார் லா! ரொம்ப நல்லா இருக்கு!” என்றார் (‘லா’ போடாமல் இங்கே யாருக்கும் வாக்கியம் முடியாது). என்னவோ மதிப்பெண்கூடப் போட்டார். என் வாழ்க்கையில் நான் வாங்கிய ஒரே நடிப்பு மதிப்பெண்.

பட்டியலில் அடுத்ததைச் சொல்வதற்குள் எனக்குத் தலை சுற்றியது. மேசையைப் பிடிக்கப் போய் ஜாடியைப் பிடித்தேன். ஜாடி கீழே விழுந்தது. (நல்லவேளை, அதைக் காலி செய்திருந்தேன்.)

கலைச்செல்வி அதற்குள் என் பக்கத்தில் இருந்தார். எப்படி வந்தார் என்றே தெரியவில்லை. என்னை உட்காரவைத்து, கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார். செல்பேசி விளக்கைக் கண்ணுக்கு அருகே கொண்டுவந்து விலக்கினார். பத்து விநாடிதான் ஆகியிருக்கும்.

“தம்பி, முகம் செவந்திருக்கு, துளி வேர்வ இல்ல. கண்ணு பாப்பா ரெண்டும் அம்பது காசு மாதிரி விரிஞ்சிருக்கு. நடிக்கல நீங்க. இன்னைக்கு என்ன மாத்திர போட்டீங்க?”

“ஒண்ணும் இல்லக்கா,” என்றேன். மருந்தியல் படித்தவன் மருந்தைத் தப்பாகத் தின்றான் என்று மருந்தக வேலைத் தேர்வில் எந்த வாயால் சொல்வது? அந்த வாயும்தான் வேலை செய்யவில்லையே.

“பொய் சொல்லாதீங்க, நெஜமாவே டேஞ்சர் லா. வீட்ல யாருக்குத் தெரியும்?”

என் செல்பேசியைக் கொடுத்தேன். எனக்கு எண் தெரியவில்லை, அம்மாவின் படம் மட்டும் மஞ்சளாகத் தெரிந்தது. அவரே அழுத்தினார். மேடம் டானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

“யாரு? மீன் இன்னும் வேகல, பன்னெண்டு மணிக்கு வாங்க!”

“அம்மா, நான் மருந்தகத்துலேருந்து கலைச்செல்வி பேசுறேன். உங்க மகன்...”

“மயங்கிட்டானா?” கரண்டி கீழே விழும் சத்தம் கேட்டது.

“இல்லம்மா, உக்காந்திருக்கார், பேசுறார். காலையில என்ன மாத்திர சாப்பிட்டார்னு மட்டும் தெரியணும்.”

கடைச் சத்தம் குறைந்தது. அம்மா பின்பக்கம் ஒதுங்கியிருக்கிறார். அடுத்து வந்த குரலில் அழுகை இல்லை, பதற்றம் இல்லை. கடையில் ஐம்பது பேர் வரிசையில் நிற்கும்போது யாருக்கு எது என்று மாறாமல் சொல்வாரே, அந்தக் குரல்.

“எழுதிக்கம்மா. ஏழு மணிக்கு வயித்து மாத்திர ரெண்டு. வெள்ள, உருண்ட, மேல சக்கர பூசினது. ஏழே முக்காலுக்கு மறுபடி ரெண்டு. எட்டு மணிக்கு மூக்குக்கு ஒண்ணு, மஞ்சள், சின்னது, நடுவுல கோடு. ஒம்போதுக்குப் பஸ் மாத்திர ஒண்ணு. வயித்துல அரை தோச, அதுவும் நான் ஊட்டினது. வேற எந்த வியாதியும் கெடையாது, எந்த மருந்தும் ஒத்துக்காம போனதில்ல. அப்புறம் ஒண்ணு கேளும்மா.”

“சொல்லுங்கம்மா.”

“ஒண்ணுக்குப் போனானான்னு கேளு.”

கலைச்செல்வி சிரிக்காமல் (அந்தக் கட்டுப்பாட்டுக்கே அவருக்கு ஒரு விருது கொடுக்கலாம்) என் பக்கம் திரும்பினார். “போனீங்களா?”

நான் தரையைப் பார்த்தேன்.

“போகலம்மா.”

“நெனச்சேன்!” என்றார் அம்மா. “எனக்கும் ஒரு தடவ ஆச்சு. வயித்துக்கும் சளிக்கும் ஒரே நாள்ல போட்டேன். வாயெல்லாம் பஞ்சு. மீன் துண்டுக்கும் கத்திரிக்காய்க்கும் வித்தியாசம் தெரியல. சாயங்காலம் வரைக்கும் ஒண்ணுக்கு வரல. டப்பா வேறயா இருந்தாலும் உள்ள போயி ரெண்டும் ஒரே வேலையத்தான் பண்ணுதுன்னு அன்னைக்கே புரிஞ்சிருச்சு. அதுலேருந்து ஒரு நாளைக்கு ஒரு டப்பாதான் திறக்குறது. இவன்கிட்ட சொன்னா ராகுகாலமாங்கிறான்.”

கலைச்செல்வி எழுதுவதை நிறுத்திவிட்டார். “அப்ப பிரஷர் மாத்திர மாதிரி தினமும் போடுறத எந்த டப்பால வெக்கலாம்மா?”

“அதெல்லாம் டப்பால வெக்கக்கூடாதும்மா. அது சோறு மாதிரி, நிறுத்தவே கூடாது, காப்பித் தம்ளர் பக்கத்துல இருக்கும். டப்பாங்கிறது வந்தா போடுறதுக்கு, போனா மூடுறதுக்கு.”

கலைச்செல்வி ஒரு வரி விடாமல் மேடம் டானுக்கு மொழிபெயர்த்தார். மேடம் டான் பேனாவைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“நான் கேட்ட கேள்விக்கு,” என்றார், “இதுதான் பதில்.”

அப்போதைய என் நிலையை யோசித்துப் பாருங்கள். பேச முடியவில்லை, படிக்க முடியவில்லை, போகவேண்டிய இடத்துக்குப் போக முடியவில்லை. அந்த மூன்றையும் விட ஒன்று பெரிதாக இருந்தது. நான் மூன்று வருடம் வகுப்பில் உட்கார்ந்து, புத்தகம் பார்த்து மனப்பாடம் செய்ததை, எங்கள் அம்மா ஒரே ஒரு மோசமான நாளில், அடுப்படியில் நின்றபடி, தன் உடம்பை வைத்தே கண்டுபிடித்திருக்கிறார். கண்டுபிடித்ததோடு விடவில்லை, யாருக்கும் மறக்காதபடி அதற்கு மூடியும் போட்டு வைத்திருக்கிறார். எனக்கு அப்போது வெட்கத்தைவிடப் பெருமைதான் அதிகம் வந்தது. (சத்தியமாக. கொஞ்சம் அழுகையும் வந்திருக்கும், கண்ணில் தண்ணீர் இல்லாததால் தெரியவில்லை.)

பக்கத்திலிருந்த மருத்துவரிடம் கலைச்செல்வியே என்னைக் கைப்பிடித்துக் கூட்டிப் போனார். நாடித் துடிப்பு, இரத்த அழுத்தம், எல்லாம் பார்த்துவிட்டு, மருந்தின் வேகம் குறையும்வரை படுத்திருக்கச் சொன்னார்கள். இரண்டு மணி வாக்கில், தபால் சேவை மீண்டும் தொடங்கியது. கழிவறையிலிருந்து நான் வெளியே வந்தபோது என் முகத்தைப் பார்த்தே தாதி கட்டைவிரலை உயர்த்தினார். பட்டமளிப்பு விழாவில்கூட எனக்கு அப்படி ஒரு வாழ்த்து கிடைத்ததில்லை.

வெளியே அம்மா. ஏப்ரனைக்கூடக் கழற்றாமல், தேக்காவிலிருந்து ரயிலேறி வந்திருக்கிறார். மேல் முழுக்க மீன்கறி வாசம். என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். “போனியா?” என்றார். தலையாட்டினேன். அவ்வளவுதான் விசாரணை.

அம்மாவைப் பார்க்க மேடம் டானே இறங்கி வந்தார். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது, அவருக்குத் தமிழ் வராது. ஆனால் இரண்டு பேருக்கும் சந்தை மலாய் வரும். “சுடா மாக்கான்?” என்று ஆரம்பித்தது, சாப்பிட்டாயா என்று. அரை மணி நேரம் ஓடியது. டப்பா, மூடி, பச்சை, சிவப்பு என்று கையால் காட்டிக் காட்டிப் பேசினார்கள். நடுவில் மேடம் டான் ஏதோ கேட்டார். அம்மா வெட்கப்பட்டுத் தலையை ஆட்டி மறுத்தார். இரண்டு பேரும் சத்தமாகச் சிரித்தார்கள். என்னை யாரும் கவனிக்கவில்லை.

அடுத்த வாரம் மறுபடி கூப்பிட்டார்கள். “இந்த முறை வெறும் வயிற்றோடும் வேண்டாம், மருந்தோடும் வேண்டாம்,” என்று கலைச்செல்வி குறுஞ்செய்தி அனுப்பியிருந்தார். அம்மா ஊட்டிய மூன்று இட்லியோடு போனேன். வயிறு முறுக்கியது, முறுக்கட்டும் என்று விட்டேன். அதே சீட்டு, அதே கேள்வி. நான் கட்டம் போட்ட பாடத்தை எல்லாம் ஓரம் கட்டிவிட்டு, அந்த அம்மாவிடம் மாத்திரைகளை எங்கே, எப்படி வைத்திருக்கிறார் என்று முதலில் கேட்பேன் என்றேன். மேடம் டான் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.

நான்கு வருடம் ஆகிவிட்டது. கவுன்டரில் என் பெயர் போட்ட பட்டையோடு நிற்கிறேன். கப்பல் பட்டறைத் தம்பிகளும் பூன் லே பாட்டிகளும் என்னிடம் வந்து சந்தேகம் கேட்கிறார்கள். எங்கள் சொந்தக்காரர்கள் மட்டும் இன்றுவரை கேட்பதில்லை. மருந்துப் பாக்கெட்டை நான் படித்துச் சொன்னால், “சரிப்பா” என்று மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, அம்மாவுக்குப் போன் போடுகிறார்கள்.

அப்பா இப்போது டயரில் காற்று பார்ப்பதில்லை. யாராவது என் வேலையைப் பற்றிக் கேட்டுவிட்டால் போதும், லாரியை ஓரம்கட்டி, கையைக் கட்டிக்கொண்டு, முழுக்கதையையும் சொல்லிவிட்டுத்தான் விடுவார். போன மாதம் ஒரு கல்யாண வீட்டில், எனக்குப் பெண் கொடுக்கலாமா என்று விசாரிக்க வந்த ஒரு பெரியவரிடமே சொல்லிக்கொண்டிருந்தார்:

“தேர்வுக்குப் போனது என்னமோ இவன்தாங்க. ஆனா வேலை கெடச்சது இவன் அம்மாவுக்கு. அந்தச் சீனம்மா கெஞ்சாத குறையாக் கூப்பிட்டாங்க. இவதான், ‘நான் வந்துட்டா மீன்கறிய யாரு பாக்குறது’ன்னு மாட்டேன்னுட்டா. சரி, வேற வழியில்லாம இவனப் போட்டுக்கிட்டாங்க.”